வாங்க ஒரு படிக்கல், விற்க ஒரு படிக்கல்

2024 டிசம்பரில் அண்டார்டிகாவின் யூனியன் பனியாற்று முகாமில் சிலர் கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டுச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் பூமி உருண்டை என்பவர்கள், சிலர் தட்டை என்பவர்கள். கொலராடோவைச் சேர்ந்த வில் டஃபி என்ற பாதிரியார் ஏற்பாடு செய்த பயணம் அது. யார் சொல்வது சரி என்று நேரில் பார்த்தே முடிவு செய்துவிடலாம் என்று அத்தனை தூரம் போயிருந்தார்கள்.

தட்டை பூமிக்காரர்கள் காட்டும் வரைபடத்தில் வட துருவம் நடுவில் இருக்கும். அண்டார்டிகா, தோசையின் ஓரத்து முறுகலைப் போல, சுற்றிலும் நிற்கும் பனிச்சுவர். சூரியன் இந்தத் தட்டுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருக்கும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டால், தென்கோடியில் 24 மணி நேரமும் சூரியன் மறையாமல் இருக்க வழியே இல்லை. எனவே அண்டார்டிகாவின் நள்ளிரவுச் சூரியன் கட்டுக்கதை என்பது அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த வாதம்.

சூரியன் மறையவில்லை. வானத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்தது.

தட்டைக்காரர்களின் தரப்பில் போயிருந்த ஜெரன் கம்பனெல்லா யூடியூபில் நெடுங்காலமாக வாதாடி வந்தவர். கேமராவின் முன் நின்று, 24 மணி நேரச் சூரியன் கிடையாது என்று தான் உறுதியாக இருந்ததையும், அது தவறு என்பதையும் ஒப்புக்கொண்டார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். இதைச் சொன்னதற்காகவே தன்னைக் கைக்கூலி என்பார்கள் என்பது தெரியும் என்றார். அப்படியேதான் நடந்தது. பச்சைத் திரைக்கு முன்னால் எடுத்த வீடியோ என்றார்கள், விலை போய்விட்டார் என்றார்கள்.

எனக்குச் சூரியனைவிட இந்த இரண்டாவது பேச்சுதான் சுவாரசியம். தன் கூட்டம் என்ன சொல்லப்போகிறது என்பதை அந்த மனிதரால் எப்படி அவ்வளவு துல்லியமாக முன்கூட்டியே சொல்ல முடிந்தது? காரணம் எளிது. அந்தக் கூட்டத்தில் பல ஆண்டுகள் இருந்தவர். மாற்றிப் பேசியவர்களை அங்கே எப்படி எடை போடுவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

புளி, மிளகாய் வாங்கி விற்கும் வியாபாரிகளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. வாங்கும்போது ஒரு படிக்கல், விற்கும்போது ஒரு படிக்கல் வைத்திருப்பார்கள் என்று. இணையத்துச் சதிக்கதைக் கூட்டங்களில் நாள்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இருப்பவர்களின் மூளை மழுங்கிவிடுகிறது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அங்கே யாரும் யோசிப்பதை நிறுத்துவதில்லை. நம்மில் பலரைவிட அதிகமாகவே யோசிக்கிறார்கள், படிக்கிறார்கள், இரவு இரண்டு மணிவரை வரைபடம் வரைகிறார்கள். மாறிப்போவது எடைபோடும் கல். கூட்டத்தின் கதைக்கு ஆதரவாக வருவது கடுகளவு என்றாலும் ஒரு கிலோ காட்டும். எதிராக வருவது மூட்டையாக வந்தாலும் முள் அசையாது.

இந்தக் கல் ஒரே நாளில் மாறுவதில்லை. எப்படி மாறுகிறது என்பதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டிய சான்றுகள் இருக்கின்றன.

டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் ஆஷ்லி லாண்ட்ரமும் அவரது குழுவினரும் 2017-இல் ராலியிலும் 2018-இல் டென்வரிலும் நடந்த தட்டை பூமி மாநாடுகளுக்கே போய் 30 பேரிடம் பேசினார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை பூமி தட்டை என்று நினைத்ததே இல்லை, யூடியூப் வீடியோ பார்த்துத்தான் மாறினோம். அந்த ஒருவரும் மகளும் மருமகனும் யூடியூபில் பார்த்துச் சொன்னதைக் கேட்டு வந்தவர். பெரும்பாலானவர்கள் அதற்கு முன் செப்டம்பர் 11 தாக்குதல், நிலவுப் பயணம் பற்றிய சதிக்கதை வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அடுத்து இதையும் பாருங்கள் என்று யூடியூப் நீட்டியது. சிலர், 'இந்த அபத்தத்தை மறுத்துக் காட்டலாம்' என்றுதான் பார்க்க உட்கார்ந்தார்களாம். மறுக்கப் போனவர்கள் மாநாட்டுக்கு டிக்கெட் வாங்கினார்கள்.

இதில் நிறுவனங்களின் பங்கை மறைக்க முடியாது. ஃபேஸ்புக்கின் ஆய்வாளர் ஒருவர் 2019-இல் ஒரு சோதனைக் கணக்கு தொடங்கினார். வட கரோலினாவில் வசிக்கும், பழமைவாத அரசியல் பிடித்த, 41 வயது தாய் என்று ஒரு கற்பனைப் பெண். பிடித்த கட்சி, பிடித்த செய்தி நிறுவனம் என்று சாதாரணமான பக்கங்களைத்தான் அந்தக் கணக்கு பின்தொடர்ந்தது. இரண்டே நாளில் க்யூஅனான் குழுக்களில் சேரும்படி ஃபேஸ்புக் பரிந்துரைத்தது. அதிகாரத்தில் இருப்பவர்கள் ரகசியமாகக் குழந்தைகளைக் கடத்துகிறார்கள், ஒருநாள் எல்லோரும் கைதாவார்கள் என்று நம்பும் சதிக்கதைக் கூட்டம் அது. இது 2021-இல் வெளியே கசிந்த ஆவணங்களில் தெரியவந்தது. அதற்கும் முன்பே, 2016-இல், தீவிரவாதக் குழுக்களில் சேர்ந்தவர்களில் 64 சதவீதம் பேர் தங்கள் பரிந்துரையால்தான் சேர்ந்தார்கள் என்று அதே நிறுவனத்தின் உள் ஆய்வு ஒன்று சொல்லியிருந்தது.

ஆனால் எல்லாப் பழியையும் அல்காரிதத்தின் தலையில் போட்டுவிட்டு எழுந்துவிடவும் முடியாது. 2019-இல் வந்த ஓர் ஆய்வில், ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தின் சதிக்கதைப் பிரிவில் பிற்பாடு எழுதத் தொடங்கியவர்களை, அவர்களைப் போலவே தொடங்கி அங்கே போகாமலே இருந்தவர்களோடு எட்டு ஆண்டுத் தரவைக் கொண்டு ஒப்பிட்டார்கள். உள்ளே போவதற்கு முன்பே அவர்களின் பேச்சில் வேறுபாடு தெரிந்தது. அவர்கள் புழங்கிய இடங்களும் வேறாகத்தான் இருந்தன. அதாவது கதவைத் தாண்டுமுன்பே ஒரு சாய்வு இருக்கிறது. உள்ளே போனபின் அந்தச் சாய்வுக்கு ஒரு மொழியும் ஒரு கூட்டமும் கிடைக்கின்றன.

சிலருக்கு அந்தச் சாய்வு ஒரு நிஜமான அதிர்ச்சியிலிருந்து வரும். நமக்குத் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், பயப்படாமல் எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காகவே பலர் பார்க்கப் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, அதற்கு மறுநாள் மரணம். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருந்தது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் நிபுணர் குழுவும் பின்னர் சொன்னது. ஆனால் ஊசி உண்மை, மரணம் உண்மை, நடுவில் ஒரே நாள். மூன்றும் உண்மை. தினமும் பல லட்சம் பேருக்கு ஊசி போடும் நாட்டில், அவர்களில் சிலருக்கு மறுநாளே வேறு காரணத்தால் மாரடைப்பு வரத்தான் செய்யும் என்ற கணக்கு, துக்கத்தில் இருப்பவனின் காதில் ஏறாது. மூடநம்பிக்கையைக் கிண்டலடித்தே பேர் வாங்கிய மனிதரின் சாவை வைத்தே தடுப்பூசிப் பயம் ஊரெல்லாம் பரவியது கொடுமையான வேடிக்கை. அந்தப் பயத்தோடு அன்று இணையத்தில் தேடப் போனவர்களுக்கு, 'பயப்படுவது சரிதான்' என்று சொல்லும் ஆட்கள் எக்கச்சக்கமாகக் காத்திருந்தார்கள்.

தேடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எல்லாச் சதிக்கதைக் கூட்டங்களிலும் நுழைவாயிலில் எழுதியிருக்கும் வாசகம் ஒன்றுதான்: 'நாங்கள் சொல்வதை நம்பாதே, நீயே தேடிப் பார்.' கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதானே? ஆனால் 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. பொய்ச் செய்தி ஒன்றைக் கொடுத்து, உண்மையா என்று இணையத்தில் தேடிப் பார்க்கச் சொன்னார்கள். தேடியவர்கள் அதை உண்மை என்று நம்பும் வாய்ப்பு, தேடாதவர்களைவிட 19 சதவீதம் கூடியது. ஏன் என்று யோசித்தால் புரியும். அந்தப் பொய்யில் வரும் விசேஷமான சொல்லை அப்படியே தேடல் பெட்டியில் போடுகிறோம். அந்தச் சொல்லை உலகத்தில் வேறு யாரும் பயன்படுத்துவதில்லை. அதைப் பற்றி எழுதியவர்கள் அதை உண்டாக்கியவர்கள் மட்டும்தான். எனவே தேடினால் அவர்களே வருவார்கள், பத்து வேறு பெயர்களில். பத்துப் பேர் சொல்கிறார்களே என்று நமக்குத் தோன்றும்.

திரும்பத் திரும்பக் கேட்டது உண்மைபோல் தோன்றும் என்பது 1977-லேயே சோதனைச்சாலையில் காட்டப்பட்டது. ஆனால் அது விளம்பரக்காரர்களுக்கு அதற்கு முன்பே தெரியும் என்பதால் அதில் நின்றுகொண்டிருக்கத் தேவையில்லை. சதிக்கதைக் கூட்டத்தில் நடப்பது அதைவிட நுட்பமானது. அதற்குக் க்யூஅனானைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2017 அக்டோபர் 28 அன்று, ஃபோர்சான் என்ற தளத்தில் பெயரில்லாத ஒருவர் எழுதினார்: ஹிலாரி கிளிண்டன் அக்டோபர் 30 காலையில் கைது செய்யப்படுவார். எத்தனை மணிக்கு என்றுகூட எழுதியிருந்தார். எழுதியவர் தன்னை 'க்யூ' என்று அழைத்துக்கொண்டார். அமெரிக்க எரிசக்தித் துறையில் உயர்ந்த ரகசிய அனுமதிக்கு அந்த எழுத்துதான் பெயர். அக்டோபர் 30 வந்தது, போனது, யாரும் கைதாகவில்லை. கதை அங்கேயே முடிந்திருக்கவேண்டும். ஆனால் 2020 டிசம்பர்வரை ஏறக்குறைய 5,000 பதிவுகள் வந்தன.

அந்தப் பதிவுகளைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். அவற்றில் பெரும்பகுதி செய்தி அல்ல, கேள்வி. பாதி வாக்கியம், சில எழுத்துகள், ஒரு தேதி, 'யோசித்துப் பார்' என்ற தூண்டுதல். இவற்றை ரொட்டித் துணுக்குகள் என்றார்கள். துணுக்குகளைச் சேர்த்து அர்த்தம் பண்ணுகிறவர்களுக்கு 'பேக்கர்' என்று பெயர். மாவு பிசைவது இங்கே வாசகன். முடிவையும் அவனே சொல்கிறான். வேறொருவர் சொன்னதை விட்டுவிடுவது சுலபம். நானே ராத்திரி முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்ததை எப்படி விடுவது?

விளையாட்டு வடிவமைப்பாளர் ரீட் பெர்கோவிட்ஸ் இதைப் பற்றி எழுதும்போது தன் அனுபவம் ஒன்றைச் சொன்னார். அவர் அமைத்த ஒரு விளையாட்டில் ஆட்கள் ஒரு நிலவறையில் துப்பு தேடவேண்டும். தரையில் தற்செயலாகக் கிடந்த மரத்துண்டுகள் அம்புக்குறி போல் ஒரு சுவரைக் காட்டின. விளையாடியவர்கள் அதுதான் துப்பு என்று பிடித்துக்கொண்டு சுவரையே உடைக்கக் கிளம்பிவிட்டார்களாம். விளையாட்டு என்றால் அமைத்தவர் ஓடிவந்து, 'அது வெறும் கட்டை, விடுங்கள்' என்பார். க்யூஅனானில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. உடைக்கிற ஒவ்வொரு சுவருக்கும் கைதட்டல்தான். பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டி போடுகிறோமே, அதற்கு அடுத்த இதழில் விடை வரும், நாம் போட்டது தப்பென்றால் தப்புதான். விடையே வெளிவராத குறுக்கெழுத்தை மூன்று ஆண்டுகள் தினமும் போட்டுப் பழகியவரின் மனம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கட்டத்தில் எழுத்து பொருந்துகிறதா என்பது மட்டுமே அவருக்குச் சோதனை.

எழுத்து எப்போதும் பொருந்தும். 2020 ஜூலையில், இணையத்தில் மேஜை நாற்காலி விற்கும் வேஃபேர் நிறுவனத்தின் அலமாரிகளுக்குப் பெண் பெயர்கள் இருந்ததையும் விலை அதிகமாக இருந்ததையும் சேர்த்து, அலமாரிக்குள் குழந்தைகளைக் கடத்தி விற்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். சரி, சிரித்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், சிரிக்க முடியாத கதை ஒன்று அதற்கு முன்பே நடந்திருக்கிறது.

2016 டிசம்பர் 4. வாஷிங்டனில் காமெட் பிங் பாங் என்ற பீட்சா கடை. ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த ஜான் பொடெஸ்டாவின், விக்கிலீக்ஸ் வெளியிட்ட மின்னஞ்சல்களில் 'பீட்சா', 'சீஸ்' என்று வரும் இடமெல்லாம் ரகசியச் சங்கேதம் என்று படித்த கூட்டம், அந்தக் கடையின் நிலவறையில் குழந்தைகளை அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டியிருந்தது. வட கரோலினாவிலிருந்து ஒரு இளைஞர் துப்பாக்கியோடு காரில் வந்து உள்ளே சுட்டார். யாருக்கும் காயமில்லை. தேடிப் பார்த்தார். குழந்தைகள் இல்லை. அந்தக் கடைக்கு நிலவறையே இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து சரணடைந்தார். தனக்குக் கிடைத்த தகவல் நூறு சதவீதம் சரியாக இல்லை என்று பிறகு நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் சொன்னார். நான்கு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

அவர் செய்தது குற்றம், அதில் பேச்சில்லை. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களில், 'நீயே போய்ப் பார்' என்பதை எழுத்துக்கு எழுத்து நம்பி நிஜமாகவே போய்ப் பார்த்த ஆள் அவர். பார்த்துவிட்டு வந்து இல்லை என்றும் சொன்னார். கூட்டம் என்ன செய்தது? அவர் நடிகர் என்றது. உண்மையை மறைக்க அரசாங்கமே நடத்திய நாடகம் என்றது. அண்டார்டிகா போய் வந்தவருக்கு எட்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்ததும் அதே முத்திரைதான். தேடச் சொல்லும் கூட்டம், தேடிப் போனவன் கூட்டத்துக்கு வேண்டிய பதிலோடு திரும்பாவிட்டால் அவனையே கழித்துக் கட்டிவிடுகிறது.

ஆளைக் கழிக்க முடியாதபோது கருவியைக் கழிப்பார்கள். தட்டை பூமிக் குழு ஒன்று 20,000 டாலர் கொடுத்து, சுழற்சியை அளக்கும் லேசர் ஜைரோஸ்கோப் வாங்கியது. பூமி சுழன்றால் அது மணிக்கு 15 டிகிரி விலகலைக் காட்டவேண்டும். நாளுக்கு 360 டிகிரி, மணிக்கு 15 என்ற சின்னக் கணக்குதான். கருவி சரியாக 15 டிகிரியே காட்டியது. குழுவைச் சேர்ந்த பாப் நோடல் 2018-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் இதை ஒளிக்காமல் சொல்கிறார். அதை ஏற்க நாங்கள் தயாராக இல்லை, வானத்து ஆற்றல் ஏதாவது உள்ளே புகுந்திருக்குமா என்று கருவியை மறைத்து மூடிப் பார்க்கத் தொடங்கினோம் என்கிறார். அதே படத்தின் கடைசியில் நீர்ப்பரப்புக்கு மேலே ஒரே உயரத்தில் துளைபோட்ட பலகைகளை நிறுத்தி, தொலைவிலிருந்து விளக்கடித்து ஒரு சோதனை நடக்கும். பூமி தட்டை என்றால் வெளிச்சம் தெரியவேண்டும். தெரியவில்லை. விளக்கைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னதும் தெரிந்தது. 'சுவாரசியமாக இருக்கிறதே' என்று சொல்லிவிட்டு நிற்கிறார் சோதனை செய்தவர். அவர் வேறு யாருமில்லை, ஜெரன் கம்பனெல்லாதான். அந்த 'சுவாரசியம்' 'தவறு' என்ற சொல்லாக மாற இன்னும் ஆறு ஆண்டுகளும் அண்டார்டிகாவும் தேவைப்பட்டன.

இந்த இடத்தில் என் படிக்கல்லைப் பற்றியும் ஒன்று ஒப்புக்கொள்ளவேண்டும். 2012-இல் பிரிட்டனின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இளவரசி டயானா கொல்லப்பட்டார் என்று நம்புகிறவர்களே அவர் சாகவில்லை, செத்ததுபோல் நடித்தார் என்பதையும் நம்ப அதிக வாய்ப்புண்டு என்று எழுதினார்கள். ஒரே ஆள் ஒரே சமயத்தில் செத்தும் இருக்கிறார், உயிரோடும் இருக்கிறார்! இதைப் பலரிடம் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். 2023-இல் வேறொரு குழு அதே மாதிரித் தரவைத் துருவிப் பார்த்தது. இரண்டையும் நம்பாதவர்கள் கூட்டமாக இருப்பதால்தான் அந்தத் தொடர்பு தெரிகிறது, அவர்களைக் கழித்துவிட்டால் முரண்பட்ட இரண்டையும் ஒருசேர நம்புகிறவர்கள் அப்படியொன்றும் இல்லை என்று காட்டியது. முதல் ஆய்வை நான் ஏன் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன்? எனக்குப் பிடித்த முடிவாக இருந்தது, அவ்வளவுதான். வித்தியாசம், என்னைச் சுற்றி அந்தத் திருத்தத்தை அனுப்பிவைக்க ஆள் இருந்தது. சொன்னவனைக் கைக்கூலி என்று துரத்தும் கூட்டமாக இருந்திருந்தால் எனக்கு அது வந்தே சேர்ந்திருக்காது.

கூட்டம் என்பது கருத்து மட்டும் இல்லை. அங்கே பிறந்தநாள் வாழ்த்து உண்டு, வேலை போனவனுக்கு ஆறுதல் உண்டு, ராத்திரி தூக்கம் வராவிட்டால் பேச ஆள் உண்டு. விழித்தவர்கள் என்று தங்களுக்கு ஒரு பெயர், வெளியே இருப்பவர்களுக்குச் செம்மறி ஆடுகள் என்று ஒரு பெயர். இப்படி இரண்டு பெயரை வைத்துக்கொண்டு சில மாதம் பேசினால் போதும், செம்மறி ஆட்டோடு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுவது கஷ்டமாகிவிடும், அது சொந்த மனைவியாக இருந்தாலும். க்யூஅனானில் விழுந்தவர்களின் மனைவி, கணவன், பிள்ளைகள் தங்கள் இழப்பைச் சொல்லி அழுவதற்கென்றே 2019-இல் ரெடிட்டில் தனிக் குழு தொடங்கினார்கள். ஒவ்வொரு உறவு அறுபடும்போதும் கூட்டத்தின் பிடி ஒரு சுற்று இறுகும். மாற்றிச் சொல்ல வீட்டில் ஆளில்லாதபோது எடைக்கல்லைச் சரிபார்ப்பது யார்?

2021 ஜனவரி 20 அன்று பைடன் பதவியேற்கும்போது அந்தக் கடத்தல்காரர்கள் கூண்டோடு கைதாவார்கள் என்று க்யூஅனான் கூட்டத்தார் காத்திருந்தார்கள். நடக்கவில்லை. க்யூ எழுதிவந்த தளத்தின் நிர்வாகியாக இருந்த ரான் வாட்கின்ஸே, முடிந்தவரை அவரவர் வாழ்க்கைக்குத் திரும்புவோம் என்ற பொருளில் எழுதினார். ஒரு பகுதியினர் திரும்பினார்கள். இன்னொரு பகுதியினர் தேதியை மார்ச் 4 என்று மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் சில நூறு பேர், 1999-இல் விமான விபத்தில் இறந்துபோன ஜான் எஃப். கென்னடி ஜூனியர் திரும்பி வருவார் என்று டாலஸ் நகரத்தில், அவருடைய தந்தை அதிபர் கென்னடி சுடப்பட்ட இடத்தில் போய் நின்றார்கள். வரவில்லை. சிலர் அந்த ஊரிலேயே வாரக்கணக்கில் தங்கிவிட்டார்கள். அதற்குள் அவர்களில் பலருக்கு ஊரில் திரும்பிப் போவதற்கு என்ன மிச்சமிருந்தது என்று எனக்குச் சந்தேகம்.

'சதியே நடப்பதில்லையா, எல்லாம் கட்டுக்கதையா?' என்று கேட்பீர்கள். நடக்கிறது. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு மருந்து இருந்தும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பொதுச் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்திருந்தது. இரண்டும் அசல் சதிகள். இவற்றை யார் பிடித்தார்கள்? முதலாவதை, அந்தத் துறையிலேயே வேலை செய்த பீட்டர் பக்ஸ்டன் ஆண்டுக்கணக்கில் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்து, கடைசியில் பத்திரிகையாளரிடம் கொடுத்தார். இரண்டாவதை, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சிலர் காரின் பின்பக்கத்தில் அளவுக்கருவியை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியா சாலைகளில் ஓட்டிப் பார்த்தபோது எண்கள் காட்டிக்கொடுத்தன. அவர்கள் சதியைத் தேடிப் போகவேயில்லை. இரண்டிலும் சங்கேதம் உடைத்தவர் யாருமில்லை. காகிதம், பெயர் சொல்லக்கூடிய சாட்சி, அலுப்பூட்டும் அளவீடு. க்யூஅனான் கூட்டம் இத்தனை ஆண்டு ராப்பகலாகத் துணுக்கு பொறுக்கியும் ஒரே ஒரு கடத்தல்காரனைக்கூடப் பிடித்துக் கொடுக்கவில்லை.

நம்மூர்க் கணக்கையும் ஒரு வரி சொல்லிவிடலாம். 1776 மே மாதம் பவேரியாவில் ஆடம் வைஷாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கிய இலுமினாட்டி அமைப்பைப் பத்தாண்டு ஆவதற்குள் அரசாங்கம் தடைசெய்துவிட்டது. இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகி, அது தமிழ் யூடியூபில் அரிசியிலிருந்து சினிமா போஸ்டர்வரை எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கிறது. நல்லவேளையாக நாம் அதைக் கேலிச்சொல்லாகவும் ஆக்கிக்கொண்டோம். நன்றாகப் படிக்கிற பையனைக்கூட 'நீ இலுமினாட்டிடா' என்கிறார்கள். ஒரு கூட்டத்தின் மந்திரச்சொல் தெருவில் நகைச்சுவையாகிவிட்டால் அதன் பாதி சக்தி போய்விடுகிறது என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் சதிக்கதைகளை நம்புகிறவர்களின் மொத்த எண்ணிக்கை காலப்போக்கில் கூடவில்லை என்று அரசியல் அறிவியலாளர் ஜோசப் உசின்ஸ்கியும் குழுவினரும் 2022-இல் பழைய, புதிய கருத்துக்கணிப்புகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஊரே பைத்தியமாகிவிட்டது என்ற பீதிக்கு ஆதாரம் குறைவு. முன்பு ஊருக்கு ஒருவராக டீக்கடையில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது நாள் முழுக்கத் திறந்திருக்கும் சங்கம் கிடைத்திருக்கிறது.

வெளியே வர முடியுமா? 2024-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில், சதிக்கதை நம்பும் 2,190 பேரை ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலோடு பேசவைத்தார்கள். அவரவர் சொன்ன ஆதாரத்தை எடுத்து, அதற்கு மட்டும் குறிப்பாக, பொறுமையாக அது பதில் சொன்னது. நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அந்தக் குறைவு நிலைத்தது. உண்மைத் தகவல் சொன்னால் எடுபடாது என்று நாம் கைகழுவியது அவசரம்தான் போலிருக்கிறது. நாம் சொல்லும் தகவல் பெரும்பாலும் அவர்கள் கேட்ட கேள்விக்கு இல்லை, குரலிலும் கிண்டல் இருக்கும். இயந்திரத்துக்கு அலுப்பும் இல்லை, 'உனக்கெல்லாம் புரியவைக்க முடியாது' என்ற இளக்காரமும் இல்லை. ஆனால் அந்த உரையாடலில் அந்த மனிதர் தனியாக உட்கார்ந்திருந்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அண்டார்டிகாவில் பார்த்துக்கொண்டிருந்தது, நேரலையில். அங்கே கம்பனெல்லாவோடு இன்னொரு தட்டை பூமி யூடியூபரும் நின்றிருந்தார். இருவரும் ஒரே முகாமில் தங்கினார்கள், ஒரே வானத்தைப் பார்த்தார்கள். சூரியன் மறையவில்லை என்பதை அவரும் மறுக்கவில்லை. ஆமாம், 24 மணி நேரமும் இருக்கிறது என்றார். ஆனால் அதனால் பூமி உருண்டை என்று ஆகிவிடாது என்றார்.